முதல் ஆல்பம், 6 நாள் ஸ்டூடியோ: சேர்ந்து வாசிப்பதா, ஒவ்வொன்றாகப் பதிவதா?

பவர்கார்டு5:

நாலு பேர் ராக் பேண்ட். டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார். ஒரு கிட்டாரிஸ்ட்தான் பாடகரும். முதல் ஆல்பத்துக்கு 9 பாட்டு, மொத்தம் 41 நிமிடம். ஸ்டூடியோ 6 நாள், நாளுக்கு 10 மணி நேரம். ஒரு பெரிய அறை, பக்கத்தில் பாடுவதற்கு ஒரு சின்ன அறை, ஒரே நேரத்தில் 16 தடம் பதியும் வசதி. மிக்ஸிங் (தடங்களைக் கலப்பது), மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான இறுதி மெருகு) இரண்டும் பிறகு வேறு இடத்தில்.

பேண்டுக்குள் இரண்டு கட்சி. "நாலு பேரும் ஒன்றாக நின்று வாசிப்போம், கிளிக் (காதில் வேகம் காட்டும் டிக் டிக்) வேண்டாம்" என்கிறார்கள் டிரம்மரும் பேஸும். "கிளிக் போட்டு முதலில் டிரம்ஸை முடி, அதன்மேல் ஒவ்வொன்றாக ஏற்றலாம், தப்பு வந்தால் திருத்தலாம்" என்கிறது கிட்டார் கட்சி. எது சரி? 6 நாளை எப்படிப் பிரிப்பது? உள்ளே போகும் முன்பே முடித்திருக்க வேண்டியவை என்ன? கொஞ்சம் எல்பியும் (வினைல் தட்டு) போடும் எண்ணம் இருக்கிறது; அதற்கு இப்போதே யோசிக்க வேண்டியது உண்டா? வெளியிடும்போது எதில் சொதப்புவார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எதிர்ஃபேஸ்:

இரண்டு கட்சிக்கும் சாட்சி இருக்கிறது. ஓயாசிஸின் முதல் ஆல்பத்தை (1994) முதலில் மோனோ வேலி ஸ்டூடியோவில் பதிந்தார்கள். மேடையில் இருந்த முரட்டுத்தனம் அதில் ஏறவில்லை. பெரும்பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சாமில்ஸ் ஸ்டூடியோவில் எல்லோரும் ஒன்றாக நின்று, நடுவில் தடுப்புகூட இல்லாமல், மறுபடி வாசித்தார்கள். அதன்மேல் அடுக்கடுக்காக ஏற்றிய கிட்டார்களையும் மிக்ஸ் செய்த ஓவன் மோரிஸ் நிறையக் கழித்தார். பிரிட்டனில் வந்த வாரமே முதலிடம்.

எதிர்சாட்சி ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பம் (1979). தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் வாத்தியங்களை மட்டுமல்ல, டிரம்ஸின் உருப்படிகளைக்கூடத் தனித்தனியாகப் பிரித்துப் பதிந்தார். பேண்டிலேயே இரண்டு பேருக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை; மேடை ஆவேசம் போய்விட்டது என்றார்கள். கேட்டவர்களைப் பிடித்துக்கொண்டது அந்தக் குளிர்ச்சிதான்.

பாட்டில் இடைவெளி நிறைய இருந்தால் பிரிப்பதைத் தாங்கும். இரண்டு கிட்டாரும் சுவர் மாதிரி நிற்கும் பாட்டில் பிரித்தால் சுவர் அட்டையாகிவிடும். உங்கள் ஒன்பதையும் இந்தக் கண்ணோடு ஒரு முறை பாருங்கள்.

6 நாளுக்கு நான் சொல்வது: நால்வரும் ஒன்றாகவே வாசியுங்கள், ஆனால் டிரம்ஸ் அறைக்குள் டிரம்ஸைத் தவிர வேறு சத்தம் இருக்கக் கூடாது. கிட்டார் கேபினட் (ஸ்பீக்கர் பெட்டி) இரண்டையும் சின்ன அறைக்குத் தள்ளுங்கள். ஆம்ப் ஹெட் மட்டும் உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். ஹெட்டுக்கும் கேபினட்டுக்கும் நடுவே போவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டார் கேபிளைச் செருகினால் சூடாகி ஹெட்டையும் சேர்த்துக் கெடுக்கும். வால்வ் ஹெட் என்றால் கேபினட் இணைக்காமல் ஸ்டாண்ட்பையை எடுக்கவே எடுக்காதீர்கள். பேஸ் இப்போதைக்கு டிஐ பெட்டி வழியாக மட்டும், அதாவது ஆம்பும் மைக்கும் இல்லாமல் நேரடியாக. பேஸ் ஆம்ப் டிரம்ஸ் அறையில் ஓடினால் ஸ்னேர் டிரம்மின் அடிக்கம்பி ஒவ்வொரு நோட்டுக்கும் சலசலக்கும், அதை மிக்ஸில் எடுக்கவே முடியாது. நாலு பேருக்கும் ஹெட்ஃபோன், மூடிய ரகம்.

இப்படிச் செய்தால் டிரம்ஸ் மைக்குகளில் மற்ற வாத்தியம் கசியாது. டிரம்ஸ் அருமையாக வந்த டேக்கில் கிட்டார் ஒரு கார்டு தப்பினால் அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டலாம். ஒரே அறையில் ஆம்ப் அலறினால் அந்தத் தப்பான கார்டு டிரம்ஸுக்கு மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்கிலும் உட்கார்ந்திருக்கும்.

16 தடம் தாராளம்: கிக் 1, ஸ்னேர் மேலும் கீழும் 2, டாம் 2, ஓவர்ஹெட் 2, அறை 2, பேஸ் டிஐ 1, ஒவ்வொரு கிட்டாருக்கும் மைக் ஒன்று டிஐ ஒன்று என 4, கைடு குரல் (வழிகாட்ட மட்டும் பாடுவது) 1. மிச்சம் ஒன்றில் டாக்பேக் (அறைகளுக்குள் பேசிக்கொள்ளும் மைக்).

நாள் கணக்கு: முதல் நாள் முழுக்க டிரம்ஸ் சத்தத்துக்கும் ஹெட்ஃபோன் மிக்ஸுக்கும்தான். மாலையில் சுலபமான ஒரு பாட்டு மட்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் மீதி எட்டு. ஒரு பாட்டுக்கு மூன்று, நான்கு முழு டேக். ஆறாவது டேக்குக்கு மேல் நல்லது வருவது அபூர்வம். வேறு பாட்டுக்குப் போய்விட்டுத் திரும்புங்கள். நான்காம் நாள் கிட்டார். குரல் பதிவைக் கடைசி இரண்டு நாளுக்குக் குவித்து வைக்காதீர்கள், மூன்றாம் நாள் மாலையிலிருந்தே தினம் இரண்டு மணி நேரம் பாட ஆரம்பித்துவிட வேண்டும். ஆறாம் நாள் மதியத்துக்கு மேல் புதிதாக எதையும் பதியக் கூடாது. விட்டுப்போனதைத் தேடுவதற்கும் ஃபைல்களை இரண்டு டிஸ்க்கில் நகலெடுப்பதற்கும் அந்த நேரம் போய்விடும்.

உள்ளே போகும் முன்: ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு தாள். வேகம், டியூனிங், எத்தனை பார் எங்கே, யார் கவுண்ட் கொடுப்பது, முடிவில் எத்தனை அடி. ஒத்திகையை ஃபோனில் பதிந்து கேளுங்கள். ஃபோனில் பேஸ் பாதி கேட்காது, ஆனால் கிக்கும் பேஸும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று தெரியும். இரண்டு கிட்டாரும் ஒரே கார்டை ஒரே ஸ்தாயியில் வாசிக்கும் இடங்களைக் கண்டுபிடித்து, ஒருவரை மேலே ஏற்றுங்கள் அல்லது நிறுத்துங்கள். மேடையில் கூட்டிக் காட்டும் இரட்டிப்பு, பதிவில் சேறாகிவிடும்.

டிரம்ஸ் தோல் முந்தின நாளே மாற்றி, டியூன் செய்து, இரவு முழுக்க விட்டு, காலையில் மறுபடி டியூன் செய்யணும். அன்றைக்கே மாற்றினால் பாட்டுக்குப் பாட்டு இறங்கிக்கொண்டே போகும்.

மைக் வைப்பதில் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன், பாதி டெமோக்களில் ஸ்னேர் ஒல்லியாகக் கேட்பதற்குக் காரணம் இது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 2.9 மில்லிவிநாடி ஆகும். ஸ்னேரை ஒட்டிய மைக்குக்குச் சத்தம் உடனே போய்விடும். 1 மீட்டர் மேலே தொங்கும் ஓவர்ஹெட்டுக்கு 2.9 மில்லிவிநாடி தாமதம். இரண்டையும் கூட்டினால் 170 ஹெர்ட்ஸ் சுற்றி ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்னேரின் தொப்பை இருப்பதும் அங்கேதான், 150 முதல் 250 வரை. ஈக்யூவில் அந்த அலைவரிசையை எவ்வளவு ஏற்றினாலும் அது திரும்பி வராது. முதல் நாளே மோனோவில் போட்டு, ஸ்னேர் தடத்தின் போலாரிட்டி பொத்தானை (அலையைத் தலைகீழாக்குவது) மாற்றி மாற்றித் தட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தொப்பை வருகிறதோ அது சரி. கீழே வைக்கும் ஸ்னேர் மைக்கைப் பெரும்பாலும் திருப்பித்தான் ஆகணும்: மேல் தோல் கீழே போகும்போது அடித்தோல் அந்த மைக்கை நோக்கி வருகிறது.

ஓவர்ஹெட் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை 1968இல் பதிந்த கிளின் ஜான்ஸ் பெயரால் வழங்கும் முறையின் உயிரே இதுதான்: ஒன்று ஸ்னேருக்கு மேலே 1 மீட்டரில், மற்றது ஃப்ளோர் டாமுக்குப் பக்கவாட்டில் தாழ்வாக, ஹைஹாட்டைப் பார்த்தபடி. அளக்கும் டேப் எல்லாம் வேண்டாம். ஒரு மைக் கேபிளின் நுனியை ஸ்னேர் நடுவில் ஒருவர் பிடிக்க, இன்னொருவர் முதல் மைக் வரை இழுத்து, அந்த இடத்தை விரலால் பிடித்தபடி இரண்டாவது மைக்குக்குக் கொண்டுபோனால் போதும்.

சிங்கிள்காயில்:

எதிர்ஃபேஸ் சொன்னதில் முக்கால்வாசிக்கு நானும் உடன்படறேன். கிளிக்கைப் பத்தி அவர் ஒண்ணுமே சொல்லல, அதான் உங்க சண்டையே.

டிரம்மர் இதுவரைக்கும் கிளிக்கோட ஒத்திகை பார்த்ததில்லைன்னா, ஸ்டூடியோவுல புதுசா ஆரம்பிக்காதீங்க. அவர் கிளிக்கைத் துரத்துவார், பின்னால விழுவார், திரும்ப ஓடிப் பிடிப்பார். அந்த அலைச்சல் கிளிக் இல்லாத வேக மாற்றத்தைவிடக் கேவலமா கேக்கும். குறைஞ்சது ஒரு மாசம் ஒத்திகையில போட்டுப் பழகட்டும், அப்புறம் பாட்டுக்குப் பாட்டு முடிவு பண்ணுங்க. கோரஸ்ல இயல்பாவே எகிறுற பாட்டுன்னா கிளிக்கையே அதுக்கு ஏத்த மாதிரி எழுதலாம்: சரணம் நிமிஷத்துக்கு 138 அடி, கோரஸ் 140. கேக்கறவனுக்கு வேகம் கூடினது தெரியாது, பாட்டு எழுந்து நின்ன மாதிரி மட்டும் தெரியும். 90க்குக் கீழே உள்ள மெதுவான பாட்டுல அரை அடிக்கும் கிளிக் வையுங்க, இல்லேன்னா ரெண்டு அடிக்கு நடுவுல ஆள் தொலைஞ்சுடுவார். கிளிக் டிரம்மருக்கு மட்டும் போதும். மத்தவங்க டிரம்ஸைக் கேட்டு வாசிக்கட்டும், அப்பத்தான் பேண்ட் மாதிரி இருக்கும்.

ஒரு பொறி இருக்கு. கடைசி கார்டு, சிம்பல் ரெண்டும் அடங்கிட்டே வரும்போது டிரம்மரோட ஹெட்ஃபோன்ல இருந்து 'டிக் டிக்'னு கிளிக் ஓவர்ஹெட்ல ஏறும். கடைசி அடியோட கிளிக் நிக்கற மாதிரி முன்னாடியே போட்டு வையுங்க. நடுவுல வர்ற அமைதியான இடங்கள்லயும் சத்தத்தைக் குறைச்சுடுங்க.

கிளிக் இல்லாம பதியற பாட்டுல டேக் மாத்தி ஒட்டணும்னா கிராஷ் சிம்பல் விழற இடத்துல வெட்டுங்க. அந்த அடியோட ஆரவாரத்துல ஒட்டு மறைஞ்சுடும்.

கிட்டாருக்கு வர்றேன். கம்பி முந்தின நாள் மாத்தி, இழுத்து விட்டு, அதே தடிமனுக்கு இன்டொனேஷன் (கழுத்து முழுக்க சுருதி சரியா நிக்குதான்னு) பார்த்திருக்கணும். டியூன் பண்ணும்போது மெதுவா தட்டி டியூன் பண்ணிட்டு, டேக்குல ஓங்கி அடிச்சா அடிச்ச நொடியில சுருதி மேல போகும். பாட்டுல எந்த வேகத்துல அடிப்பீங்களோ அதே வேகத்துல அடிச்சு டியூன் பண்ணுங்க. பவர் கார்டை இறுக்கிப் பிடிக்கிற கை இன்னொரு குற்றவாளி. ரெண்டு பேரும் ரெண்டு விதமா இறுக்கினா, டியூனர்ல பச்சை விளக்கு எரிஞ்சாலும் கோரஸ் புளிக்கும்.

கெய்ன், அதாவது ஆம்ப்ல டிஸ்டார்ஷன் கூட்டற குமிழ். மேடையில வைக்கிற இடத்துல இருந்து மூணுல ஒரு பங்கு இறக்குங்க. தனியா கேட்டா பல்லில்லாத மாதிரி தோணும், பரவாயில்லை. நாலு தடம் சேரும்போது டிஸ்டார்ஷன் கூடிக்கிட்டே போகும், பிக் கம்பியில படற ஓசை காணாமப் போயிடும். இரட்டிப்பு பண்றதா இருந்தா நிஜமாவே இன்னொரு தடவை வாசிங்க. ஒரே டேக்கைக் காப்பி பண்ணி இடம் வலம் தள்ளினா அது நடுவுலதான் நிக்கும். கொஞ்சம் நகர்த்தி வெச்சா மோனோவுல குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்கும். ரெண்டாவது டேக்குக்கு வேற பிக்கப் போட்டாலே அகலம் வந்துடும்.

மைக் எஸ்எம்57 போதும். டார்ச் அடிச்சு, துணிக்குப் பின்னால ஸ்பீக்கரோட நடுக்குமிழ் எங்க முடியுதுன்னு பாருங்க. அந்த விளிம்புதான் ஆரம்ப இடம், துணியில இருந்து 2 செ.மீ. நடுவுக்குப் போனா சத்தம் கூர்மையாகும், வெளியே போனா மங்கும். ஈக்யூவைத் தொடறதுக்கு முன்னாடி மைக்கை ஒரு விரற்கடை நகர்த்துங்க. டிஐயையும் கூடவே பதியறதால, பின்னால ஆம்ப் சத்தம் பிடிக்கலேன்னா அதே வாசிப்பைத் திரும்ப ஆம்ப்புக்குள்ள அனுப்பிக்கலாம். பேஸுக்கும் அப்படியே. ஆனா ஆம்ப் மைக் தடம் டிஐயைவிடத் தாமதமா வரும், அலையைப் பெருசாக்கிப் பார்த்து நேரா வெச்சுட்டுக் கேளுங்க. அதுக்கு முன்னாடி 'பேஸ்ல அடி இல்லை'ன்னு யாரையும் திட்டாதீங்க.

பாட்டு எந்த வரிசையில பாடறதுங்கறது தொண்டைக் கணக்கு. பீட்டில்ஸ் முதல் ஆல்பத்துக்கு 1963 பிப்ரவரி 11 ஒரே நாள்ல 10 பாட்டு பதிஞ்சாங்க. லெனனுக்கு அன்னிக்கு ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கற பாட்டைக் கடைசிக்கு ஒதுக்கி வெச்சாங்க. முதல் டேக்தான் ஆல்பத்துல இருக்கு, ரெண்டாவதுக்குக் குரலே இல்லை. அலறல் பாட்டு ரெண்டு இருந்தா ரெண்டு வேற நாள், ரெண்டும் அன்னிக்குக் கடைசியா. மத்த பாட்டுக்கு நாலஞ்சு முழு டேக் பாடி, வரி வரியா நல்லதைப் பொறுக்குங்க. வார்த்தை வார்த்தையா பொறுக்கினா மூச்சு இல்லாத ஆள் பாடற மாதிரி ஆயிடும்.

பவர்கார்டு5:

நன்றி. சமரசம் பேச ஆதாரம் கிடைத்துவிட்டது. எல்பி பற்றி யாராவது? பாட்டு வரிசையை மேடை வரிசைப்படியே வைத்திருக்கிறோம்: மெதுவாகத் தொடங்கி, கடைசியில் வேகமான, சத்தமான பாட்டு.

உள்வளையம்:

அந்த வரிசை எல்பிக்கு ஆகாது. காரணம் எளிது. 33⅓ வேகத்தில் தட்டு ஒரே சீராகச் சுற்றுகிறது, ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 செ.மீ பள்ளம் ஓடும். உள்ளே போகப் போக 21 செ.மீ ஆகிவிடும். அதே சிம்பல், அதே 'ஸ்ஸ்' இரண்டையும் பாதிக்கும் குறைவான நீளத்தில் செதுக்க வேண்டும். ஊசி அதைப் பின்தொடர முடியாமல் கரகரக்கும். பக்கத்தின் கடைசிப் பாட்டு அடங்கினதாக, ஹைஹாட் குறைவாக, பாடகரின் சகாரம் அதிகம் இல்லாததாக இருப்பது நல்லது. சத்தமான பாட்டில்தான் முடிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், அந்தப் பாட்டில் 5 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரை மிக்ஸிலேயே அடக்கியாக வேண்டும். மாஸ்டரிங்கில் அடக்கினால் கிட்டாரும் சேர்ந்து மங்கும்.

ஒரு பக்கத்துக்கு 18 முதல் 22 நிமிடம் வசதி. உங்கள் 41 நிமிடம் 20, 21 என்று பிரிந்தால் சரி. ஒரு பக்கம் 24, மறுபக்கம் 17 என்று போனால் முதல் பக்கம் சத்தம் குறைந்து வரும், புரட்டும்போது வித்தியாசம் முகத்தில் அறையும். ஒன்பது பாட்டில் ஒன்று பலவீனம் என்று நாலு பேருக்கும் உள்ளூரத் தெரிந்தால் எடுத்துவிடுங்கள். 36 நிமிட எல்பி சத்தமாகவும் இருக்கும், கதையும் இழுக்காது. ராமோன்ஸின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டும் சேர்ந்து 29 நிமிடம்தான்.

கிக், பேஸ் நடுவில் இருக்கட்டும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே இடமும் வலமும் எதிரெதிராக அசைந்தால் பள்ளம் ஆழம் குறைந்து ஊசி குதிக்கும். அகலப்படுத்தும் பிளக்இன்களை மாஸ்டர் பஸ்ஸில் (எல்லாத் தடமும் வந்து சேரும் இடம்) போடாதீர்கள்.

மாஸ்டரிங்குக்கு அனுப்பும் மிக்ஸில் லிமிட்டர் (உச்சிகளை நசுக்கிச் சத்தம் கூட்டுவது) வேண்டாம். 24 பிட், பதிந்த அதே சாம்பிள் ரேட், உச்சி 0க்கு 3 முதல் 6 டெசிபல் கீழே. ஸ்ட்ரீமிங்குக்கு ஒரு மாஸ்டர், எல்பிக்கு வேறு ஒன்று. ஸ்பாட்டிஃபை வழக்கமாக -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன்படுத்துகிறது. நீங்கள் -8இல் நசுக்கிக் கொடுத்தால் அது 6 டெசிபல் இறக்கிப் போடும். சத்தம் மற்றவர்களோடு சமமாகிவிடும், நசுங்கிய ஸ்னேர் மட்டும் நசுங்கியபடியே இருக்கும். அதற்காக -14ஐத் துரத்தவும் வேண்டாம். ராக் பாட்டுக்கு -10, -9 பக்கத்தில் வந்து, ஸ்னேர் இன்னும் முன்னால் நின்றால் போதும். ட்ரூ பீக் (உண்மையான உச்சி) -1 டெசிபல்.

டெஸ்ட் பிரஸ்ஸிங் (மொத்தமாக அச்சிடும் முன் வரும் மாதிரித் தட்டுகள்) வந்ததும் முழுசாகக் கேளுங்கள், இரண்டு வெவ்வேறு பிளேயரில். எல்லாத் தட்டிலும் அதே இடத்தில் 'டக்' என்றால் அச்சில் கோளாறு, திருப்பி அனுப்பலாம். ஒரு தட்டில் மட்டும் என்றால் தூசியோ கீறலோ. நீட்டிப் பிடித்த நோட்டு மெல்ல மேலும் கீழும் ஊஞ்சலாடினால் நடுத்துளை விலகியிருக்கிறது.

இன்னொன்று, பத்து வருஷம் கழித்து உதவும். ஒவ்வொரு தடத்தையும் பாட்டின் முதல் நொடியிலிருந்து கடைசி வரை ஒரே நீள வேவ் ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பியர்ல் ஜாமின் முதல் ஆல்பம் 1991இல் ரிவெர்ப் நனைந்த மிக்ஸோடு வந்தது. அது பேண்டுக்கே உறுத்தலாக இருந்து, 2009இல் பிரெண்டன் ஓ'பிரையனை வைத்து முழுதும் மறுமிக்ஸ் செய்து வெளியிட்டார்கள். மூலத்தடங்கள் இருந்ததால் முடிந்தது. உங்கள் பிளக்இன் அப்போது இருக்காது, வேவ் இருக்கும்.

கடைசிவரிசை:

வெளியீட்டுச் சொதப்பல்கள் பெரும்பாலும் காகிதத்தில்தான். பாட்டு யாருடையது, எத்தனை பங்கு என்பதை மிக்ஸ் முடியும் முன் எழுதி நால்வரும் கையெழுத்துப் போடுங்கள். இயற்றியதன் பங்கு வேறு, பதிவின் பங்கு வேறு. கிட்டார் ரிஃப் கொடுத்தவர் இயற்றியவரா என்ற கேள்வி ஆல்பம் ஓட ஆரம்பித்த பிறகு எழுந்தால் நட்பையும் கொண்டுபோய்விடும். அட்டையில் யார் பெயர் வருவது என்பதும் அப்படியே. நிர்வாணாவின் முதல் ஆல்பத்துக்கு (1989) ஸ்டூடியோ செலவு 606.17 டாலர். அதைக் கொடுத்த ஜேசன் எவர்மேன் ஒரு நோட்டுகூட வாசிக்கவில்லை, ஆனாலும் கிட்டாரிஸ்ட் என்று அட்டையில் பெயர் இருக்கிறது. அது அவர்களே தெரிந்து செய்தது. உங்களுக்குத் தெரியாமல் நடந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து கொண்ட ஐஎஸ்ஆர்சி எண் (அந்தப் பதிவின் அடையாள எண்) வேண்டும். முதலில் சிங்கிளாக விட்ட பாட்டை அதே பதிவாக ஆல்பத்தில் சேர்க்கும்போது பழைய எண்ணையே கொடுங்கள். புது எண் போட்டால் கேட்ட கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். பேண்ட் பெயரின் எழுத்துக்கூட்டல் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் உங்கள் ஆல்பம் வேறு யாரோ ஒருவரின் பக்கத்தில் போய் உட்காரும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்ஸல். கைப்பேசியில் அரை அங்குலமாகச் சுருங்கும்போது பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

விநியோகஸ்தரிடம் நாலு வாரம் முன்பே ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு ஒரு பாட்டைப் பரிந்துரைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன் அனுப்பிவிடுங்கள். பலர் முதல் நாள் இரவில் ஏற்றிவிட்டு அந்த வாய்ப்பை இழக்கிறார்கள். 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பு. 2024 முதல் 12 மாதத்தில் 1,000 கேட்பு தாண்டாத பாட்டுக்கு அங்கே பணம் கிடையாது. இதற்காக எல்லாப் பாட்டின் முன்னிசையையும் வெட்டிக் கொல்ல வேண்டாம். முதலில் வெளியே விடும் ஒன்றில் மட்டும் 40 விநாடி கிட்டார் ஃபீட்பேக் முன்னிசை வேண்டுமா என்று யோசியுங்கள்.

விமர்சனம் எழுதுபவர்களுக்கு நாலு முதல் ஆறு வாரம் முன்னால் தனி இணைப்பு அனுப்புங்கள். ஒரு பத்தி போதும், "மூன்றாவது பாட்டிலிருந்து கேளுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். 9 பாட்டையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்ல யாருக்கும் நேரமில்லை.

வரவேற்பு என்று கேட்டால், அதை முதல் மாதத்தில் அளக்காதீர்கள். பிளாக் சபாத் 1969 அக்டோபர் 16 அன்று ஒரே நாளில் பதிந்த ஆல்பம் 1970 பிப்ரவரி 13 வெளிவந்தது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், பிரிட்டிஷ் பட்டியலில் 8ஆம் இடம் வந்தது. அந்த ஒரு நாளைப் பார்த்து மயங்காதீர்கள், மேடையில் அடித்து அடித்துத் தேய்ந்த பாட்டுகள் அவை. மேலே சொன்ன ராமோன்ஸ் ஆல்பம் 1976இல் அமெரிக்காவில் 111ஐத் தாண்டவில்லை. 5 லட்சப் பிரதிக்கான தங்கச் சான்று வந்தது 2014இல். கன்ஸ் அன்' ரோஸஸ் முதல் ஆல்பம் 1987 ஜூலையில் வந்து முதலிடம் பிடித்தது 1988 ஆகஸ்டில். அவர்களுக்குப் பின்னால் கம்பெனியும் பயணமும் இருந்தன என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

விமர்சனத்தில் எதைக் கேட்பது? ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் "வரிகள் புரியவில்லை" என்றால் அது மிக்ஸ் கோளாறு, அடுத்ததில் சரிசெய்யுங்கள். "இன்னார் மாதிரி இருக்கிறது" என்பதற்கு எதுவும் செய்ய வேண்டாம், முதல் ஆல்பத்துக்கு ஒப்பிட அவர்களிடம் வேறு என்ன இருக்கிறது?

பவர்கார்டு5:

ஒரு சந்தேகம். கேபினட் இரண்டும் சின்ன அறையைப் பிடித்துக்கொண்டால் கைடு குரலை எங்கே பாடுவது? டிரம்ஸ் அறையில் பாடினால் ஓவர்ஹெட்டில் ஏறுமே. அதோடு இரண்டு கேபினட்டும் ஒரே சின்ன அறையில் ஒன்றுக்கொன்று கசியாதா?

எதிர்ஃபேஸ்:

பாடகர் கிட்டாரோடு கன்ட்ரோல் ரூமில் உட்காரட்டும். மானிட்டர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, பொறியாளரும் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ள வேண்டும். மேடை மைக் ஒன்று போதும், அந்தக் குரல் தங்கப்போவதில்லை. ஆனால் வரி விடாமல் பாடணும், டிரம்மர் ஃபில் போடும் இடங்களை அதிலிருந்துதான் பிடிப்பார். டிரம்மரின் முகம் கண்ணாடி வழியாகத் தெரியவில்லை என்றால் கவுண்ட்டை நாலு குச்சித் தட்டலாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேபினட்டுகளை முதுகோடு முதுகாக வைத்து, நடுவில் ஒரு மெத்தையை நிமிர்த்தி, இரண்டு மைக்கையும் துணியை ஒட்டி 2 செ.மீயில் வையுங்கள். பின்பக்கம் திறந்த கேபினட் என்றால் முதுகிலும் சத்தம் வரும், அதைச் சுவரோரம் தள்ளி மெத்தையை அதன் பக்கம் சாயுங்கள். சோதிக்க ஒருவர் மட்டும் வாசிக்கட்டும். மற்றவரின் தடத்தில் அது 20 டெசிபலாவது கீழே இருந்தால் விட்டுவிடலாம். இல்லையென்றால் ஒரு கேபினட்டை வராந்தாவுக்கு இழுங்கள், கதவுக்கடியில் கேபிள் நசுங்காமல்.